சத்தமில்லாத காரில் ஹமீது பாய்

போன ஞாயிறு மேல்விஷாரத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் வெள்ளை வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. ஏசி, கறுப்புக் கண்ணாடி, என்ஜின் ஓடுகிறதா என்றே தெரியவில்லை. அதிலிருந்து மணப்பெண் நாஜிமா இறங்கினாள். நான் மெதுவாகத் தூண் மறைவுக்கு நகர்ந்தேன்.

அவள் வந்திருக்க வேண்டியது அந்தக் காரில் இல்லை.

நாஜிமா ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவு. நான் குவாலிட்டி. அவள் அப்பா ஹமீது பாயிடம் ஒரு பழைய அம்பாசடர் உண்டு. பழைய கார் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். லீவு நாளில் பாதி நேரம் அதன் பானெட்டுக்குள்தான் தலையை விட்டுக்கொண்டிருப்பேன்.

ஹமீது பாய் வீட்டில் பேச மாட்டார். "ம்", "சரி", "சாப்பிட்டியா?" — ஸ்டாக் அவ்வளவுதான். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் மனுஷன் வேறு ஆள்! கதை, கிண்டல், பழைய சண்டை... வாய் ஓயாது. என்ன பிரயோஜனம்? அந்த என்ஜின் போடும் இரைச்சலில் பின் சீட்டுக்கு ஒன்றும் கேட்காது.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நாஜிமா என்னைக் கேன்டீனில் பிடித்தாள்.

"அண்ணா, பொறந்ததுல இருந்து பின்னாடி உக்காந்து அப்பா முதுகைத்தான் பாத்துட்டு வர்றேன். இன்னா பேசறாருன்னே தெரியாது. கல்யாணத்தன்னிக்கி அவர்தான் ஓட்டறார். மேல்விஷாரம் போய்ச் சேர்ற வரைக்கும் அவர் பேசறது எனக்குக் கேக்கணும். சத்தத்தைக் கம்மி பண்ணித் தர்றீங்களா?"

"இவ்ளோதானா? பண்ணிட்டாப் போச்சு!"

யோசிப்பதற்கு முன்பே வாக்குக் கொடுத்துவிடுவது என் பழக்கம்.

முறையான வழி எனக்குத் தெரியாமல் இல்லை. என்ஜின் அறைக்கென்றே தீப்பிடிக்காத விரிப்பு விற்கிறது. உள்ளே கண்ணாடி இழை, மேலே அலுமினியத் தாள். சூடு தாங்கும், சத்தம் குறையும், ஆயிலை உறிஞ்சாது. சூடு தாங்கும் பசையில் ஒட்டி, அதையும் நம்பாமல் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். ஆர்டர் போட்டால் வந்து சேரப் பத்து நாள்.

பத்து நாள்! யார் காத்திருப்பது?

எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும், ஷூவுக்குள் வைக்கிற ஃபோமுக்கு வராது. வெட்டி மிச்சமான துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். சோல் ஒட்டுகிற பசை ஒரு டின். பானெட்டின் உட்புறம் முழுக்க, என்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவிலுள்ள தகடு முழுக்க ஒட்டித் தள்ளினேன். பார்க்கப் புது ஷூவின் உட்புறம் மாதிரியே இருந்தது. போட்டோகூட எடுத்துக்கொண்டேன்!

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வெள்ளோட்டம். ஹமீது பாய் ஓட்ட, நான் பின் சீட்டில் — நாஜிமா வழக்கமாக உட்காரும் இடத்தில். பள்ளிகொண்டா போய்த் திரும்புவதாகத் திட்டம்.

கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது!

"இந்தப் பாலத்துகிட்டதான் தம்பி, அவ சின்னதுல வாந்தி எடுப்பா. கரெக்டா இதே எடம். இப்பவும் இங்க வந்தா என் கால் தானா பிரேக்குக்குப் போவுது..." சிரித்தார். "பின்னாடி கேக்குதா?"

"சூப்பரா கேக்குது பாய்!"

"அப்ப அவகிட்ட பாத்துத்தான் பேசணும்."

அப்போதுதான் அந்தக் கருகல் வாடை. பானெட் இடுக்கில் புகை.

சூட்டில் பசை இளகி, ஃபோம் உரிந்து, நெருப்பாய்க் கொதிக்கிற எக்ஸாஸ்ட் குழாய் மேல் விழுந்திருக்கிறது. நாங்கள் ஓரங்கட்டி இறங்குவதற்குள் தீ. பின்னால் வந்த லாரிக்காரர் தீயணைப்பு சிலிண்டரோடு ஓடி வந்தார். எங்களுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் வயரிங், ஹோஸ், பானெட் பெயின்ட் எல்லாம் போய்விட்டது. மூன்று நாளில் முடிகிற வேலையா அது?

இதில் என்னால் தாங்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. சூட்டில் சோல் பசை இளகுகிறதா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதத்தான் எனக்குச் சம்பளமே! சோல் கழன்றால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறவன் நான்.

நாஜிமாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆவலையே?"

"இல்லம்மா."

"சரி... ஏன்ணா, எங்க ஷூவுல ஒரு நூல் தொங்கினாலே ரிஜெக்ட் பண்ணுவீங்களே?" என்றாள். வைத்துவிட்டாள்.

பழைய கார் தோஸ்துகளே, எதை ஒட்டப் போனாலும் அதில் ஒரு துண்டை வெட்டி, வண்டியை விட்டுத் தள்ளி வைத்து, நெருப்பைக் காட்டிப் பாருங்கள். பற்றிக்கொண்டால் அது என்ஜின் பக்கமே போகக் கூடாது. ஒரு தீக்குச்சிதான் செலவு. நான் அதைக்கூடச் செய்யவில்லை. அந்த விரிப்பை நாஜிமா கேட்ட அன்றைக்கே ஆர்டர் போட்டிருந்தால், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்திருக்கும்.

மண்டபத்தில் தூண் மறைவில் நின்ற என்னை ஹமீது பாயே தேடி வந்து கையைப் பிடித்தார். அந்தப் பாலத்துக் கதை என் காதிலேயே இருந்தது. நாஜிமா கேட்டிருக்க வேண்டிய கதை.

"வழியில நாஜிமாகிட்ட பேசினீங்களா பாய்?"

"நான் ஓட்டலியே, தம்பி."

அப்புறம் கேட்டார்: "சாப்பிட்டியா?"