கள்ளனும் ராசாவும் வராத நாடகம்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. கனடாவில், பிரெஞ்சு பேசும் மொன்றியல் நகரில் வில்லரே பக்கம் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் எங்கள் சங்கத்தின் பொங்கல் விழா. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கிற பிள்ளை என்பதால் சிறுவர் நாடகம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் என் அம்மா, முதலாளியிடம் கெஞ்சி அன்றைக்கு லீவு எடுத்திருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் எழுதும் எதையும் அவரால் வாசிக்க முடியாது. இந்த நாடகத்தையாவது பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆனால் எனக்கே அது விளங்கவில்லை. ஊருக்குப் புதிதாக வந்த ஒரு தாய், பனிக்காலத்தில் பிழையான மெற்றோ நிலையத்தில் இறங்கி வழி தவறுகிறாள்; வழியில் ஒரு கடைக்காரன், வீட்டில் காத்திருக்கும் மகள். அப்படித்தான் தொடங்கினேன். பிறகு அவளுடைய பையைப் பறிக்க ஒரு கள்ளன் வந்தான். கனவில் ஒரு ராசா வந்தார். ஒரு பிள்ளையை மேடையேற்றாமல் விட்டாலும் பெற்றோர் கோபிப்பார்கள் என்று ஒரு வைத்தியர், இரட்டைச் சகோதரிகள், ஒரு பனிக்கரடி. எல்லாம் நல்ல யோசனையாகவே பட்டது. எதை வெட்டுவது?

விழாவுக்கு முதல்நாள் அம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், "அப்ப அந்த மனுசி வீட்டை போய்ச் சேர்ந்தவளோ?" என்றார். அதை எழுதவே மறந்துபோயிருந்தேன். அவசர அவசரமாக ஒரு முடிவை ஒட்டினேன்.

விழாவன்று பனிப்புயல். பஸ்கள் நின்றுவிட்டன. தூரத்துப் புவாண்ட்-கிளேரிலிருந்து வரவேண்டிய கள்ளனும் ராசாவும் வரவில்லை. கரடியும் இல்லை. பக்கத்துத் தெருக்களில் இருந்த மூன்று பேர்தான் வந்தார்கள்: தாய், மகள், கடைக்காரன். மெற்றோ நிலத்துக்கு அடியில் ஓடுவதால் அம்மா வந்து முன்வரிசையில் இருந்தார்.

"தம்பி, வந்த சனத்துக்கு ஏதாவது காட்டத்தானே வேணும்?" என்றார் சங்கச் செயலாளர்.

தாயாக நடிக்கும் பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணா, அப்ப என்ர பையை ஆர் பறிக்கிறது?"

"ஒருத்தரும் பறிக்கேல்லை. பிடிச்சுக்கொண்டு நில்லும்."

"கனவு?"

"நித்திரையே கொள்ளாதையும்!"

திரை விலகியது. தாய் வழி தெரியாமல் நின்றாள். கடைக்காரன் பிரெஞ்சில் கேட்டான், அவள் தமிழில் சொன்னாள். இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவன் தொலைபேசியை நீட்டினான். மகள் ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் செருப்புமாக ஓடி வந்து தாயைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். கைதட்டினார்கள். பிள்ளைகள் மேல் இரங்கித் தட்டுகிறார்கள் என்று நினைத்து நான் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். திரும்பி வரும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ரொறன்ரோவிலிருக்கும் சித்திக்குத் தொலைபேசி எடுத்தார்.

"கேளடி, பனிக்குள்ள அந்த மனுசி தனிய நிக்கிறா..."

முழுக் கதையையும் ஒன்றும் தவறாமல் சொன்னார். "பேந்து தாயும் மகளும் வீட்டை போய்த் தேத்தண்ணி குடிச்சவை" என்று முடித்தார்.

என் நாடகத்தில் தேத்தண்ணியே இல்லை.

அதை எழுதியது நானா, பனிப்புயலா, அம்மாவா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். ஆனால் யோசனைகள் முட்டிமோதிக்கொண்டு வரும்போதெல்லாம், அந்த மனுசி வீடு போய்ச் சேர்ந்தாளா என்பதை மட்டும் முதலில் எழுதி வைத்துவிடுகிறேன்.