மீனுக்குப் பக்கத்தில் நின்றவரின் உயரம்

இந்த நினைவு மலரைப் பிரித்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. மலரில் அக்காவை ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும் என்று அத்தான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாழ்நாளெல்லாம் வா, போ என்று பேசி, சடையைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்ட ஆளை அப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். அத்தான் பேச்சை இந்த ஒரு தடவையாவது கேட்போம்.

அக்கா பிறந்தது புனேயில், கட்கியில் இருந்த தொழிற்சாலைக் குடியிருப்பில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். வீட்டுக்குள் நெல்லைத் தமிழ், வாசலைத் தாண்டினால் மராத்தி, கடைக்குப் போனால் இந்தி என்று வளர்ந்தோம். அக்காவுக்குப் பத்து வயதில் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனார்கள். அதுதான் அவர் கடலை முதன்முதலாகப் பார்த்தது. எல்லோரும் சாமி கும்பிடக் கிளம்பிய பிறகும் அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். இதுக்குள்ள யார் யாரெல்லாம் இருக்காங்க என்று அப்பாவைக் கேட்டதாக அம்மா சொல்லுவாள். அந்தக் கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை.

அப்பா திடீரென்று காலமானபோது அக்கா கல்லூரியில் இருந்தார். காலையில் படிப்பு, மாலையில் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது என்று ஓடி என்னைப் படிக்க வைத்தார். நான் இன்று ஹிஞ்சவடியில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அவர் உழைப்பு. தான் மட்டும் வரலாறு எடுத்தார், அதிலும் கடலின் வரலாறு. சைவக் குடும்பத்தில் இப்படி ஒரு படிப்பா என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். சாப்பிடாத மீனைப் பற்றி உனக்கு என்ன அக்கறை என்று கேட்டவரிடம், சாப்பிடாததால்தான் நியாயமாக எழுத முடியும் என்று அக்கா சொன்னார். 

படிப்பு என்னவென்று கேட்பவர்களுக்கு அக்கா இப்படிச் சொல்லுவார். கடலில் முன்பு எவ்வளவு மீன் இருந்தது, எவ்வளவு பெரிதாக இருந்தது என்று யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தான் சின்ன வயதில் பார்த்த கடலையே முழுக்கடல் என்று நினைத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய கடலைத் தேட, வரலாறு படித்தவரும் மீனைப் படித்தவரும் மீன் பிடித்தவரும் ஒன்றாக உட்கார வேண்டும். மீனைப் படித்தவர் சுனந்தா தாயி, அக்காவுடன் இருபது வருடம் வேலை பார்த்த மராத்திக்காரர். தாயி என்றால் அவர்கள் மொழியில் அக்கா. இவர்கள் இரண்டு பேரும் கடற்கரை வீடுகளில் பழைய புகைப்படங்களைக் கேட்டு வாங்கிப் பிரதியெடுத்து வந்தார்கள்.

புனேயில் பாணேரில் இருந்த அக்கா வீட்டின் பெரிய சுவர் முழுக்க அந்தப் படங்கள்தான். மழைக்காலத்தில் குன்றிலிருந்து பனிமூட்டம் இறங்கிப் பால்கனிவரை வந்துவிடும். எதிரே இருக்கும் கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறையும். கடல் வந்துட்டு பாருட்டி என்று அக்கா தேநீரோடு உட்கார்ந்துவிடுவார். அந்த வெள்ளைக்குள் சுவரில் இருக்கும் மனிதர்களும் மீன்களும் மெல்ல அசைவதுபோல எனக்கே தோன்றியிருக்கிறது. நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலங்களைத்தான் இப்போது அதிகம் தேடுகிறேன்.

அந்தப் படங்களில் முக்கியமானவை தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் எடுத்தவை. கயிற்றில் தொங்கும் களவா மீன், பக்கத்தில் ஒரு மீனவர். ஆளின் உயரத்தை வைத்து மீனின் நீளத்தைக் கணக்கிடலாம். ஒரு சராசரி ஆளின் உயரம் ஐந்தரை அடி என்று வைத்து அக்கா கணக்குப் போட்டார். அந்தக் காலத்துக் களவா இன்றைய களவாவைவிட எவ்வளவோ பெரிது என்று வந்தது. கட்டுரை வெளியானது. கரையோரத்து ஆட்கள், எங்கள் தாத்தா சொன்னது பொய்யில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். பல பேர் அந்தக் கணக்கை எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

நோய் வந்து அக்கா வீட்டோடு இருந்த நாட்களில், ஒரு மத்தியானம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். முகங்கள் மங்கலாக இருந்தாலும் அத்தனை களவாப் படத்திலும் இடது தோள் கொஞ்சம் இறங்கிய ஒரே ஆள்தான் நிற்கிறார் என்றார். அந்த ஊருக்குத் தொலைபேசியில் பேசினோம். படத்தில் இருப்பவரின் மகள், எழுபது தாண்டிய லூர்தம்மாள், தெளிவாகச் சொன்னார்.

“அது எங்க அப்பாதாம்மா. ஊருலயே குட்டை அவுகதான். பெரிய மீனு எது வந்தாலும் அவுகளத்தான் பக்கத்துல நிப்பாட்டுவாக. அப்பத்தான மீனு இன்னும் பெருசாத் தெரியும்.”

அக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை வருடம் படித்தவளை ஒரு கடற்கரையே சேர்ந்து ஏமாற்றியிருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்று சாயங்காலம் சாப்பிடவில்லை. கட்டுரையைத் திருத்தியாக வேண்டும், அதற்கு அந்த மனிதரின் சரியான உயரம் வேண்டும், அதை நான் இருக்கும்போதே செய்ய வேண்டும் என்றார். உடம்பு இருக்கிற இருப்பில் இது எதற்கு, யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் கத்தினேன். எனக்குத் தெரியுமே என்றார். அந்த ஆள் ஐந்தடிக்குக் குறையாமல் இருந்தால் போதும், நான் சொன்னது பெருமளவு நிற்கும், குறைந்தால் பாதி போச்சு என்று அவரே விளக்கினார். பயணத்துக்கு மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் கிளம்பினேன்.

லூர்தம்மாளின் வீடு கடலுக்கு மிக அருகில் இருந்தது. உள்ளே வெயிலும் அலைச்சத்தமும் சேர்ந்து எல்லாம் தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. அப்பா கடலிலிருந்து வந்ததும் இந்தச் சன்னலோரம் நிற்பார், தினமும் நான்தான் தலை துவட்டிவிடுவேன் என்றார் அந்த அம்மா. கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். கை தானாகச் சன்னலின் நடுவில் ஓடும் குறுக்குக்கம்பியில் போய் நின்றது. “நான் கூனிட்டேன், என்னைய வச்சு அளக்காத. கம்பிய வச்சு அள. அவுக உச்சந்தல இதுக்குச் சரியா இருக்கும்” என்றார். தரை பழைய தரைதானா என்று கேட்கச் சொல்லி அக்கா அனுப்பியிருந்தார். கேட்டேன். அதே சிமெண்டுத் தரைதான். மூன்று தடவை அளந்தேன். நாலடி ஒன்பது அங்குலம்.

கரையில் வந்து உட்கார்ந்தேன். தூரத்துப் படகுகள் தண்ணீரைத் தொடாமல் வெயிலில் மிதந்துகொண்டிருந்தன. மனம் ஆறவேயில்லை. ஒரு குட்டை மனிதரிடம் என் அக்காவின் இருபது வருடம் மாட்டிக்கொண்டதே என்று அந்த மனிதர் மேலேயே கோபம் வந்தது. அப்போது தொலைபேசி அடித்தது. அத்தான் அக்காவின் காதில் வைத்துப் பிடித்திருக்கிறார்.

“என்னட்டி, அளந்தியா?”

“அளந்தேங்க்கா. அஞ்சடி ஒரு இஞ்சு.”

அஞ்சடி ஒரு இஞ்சு என்று அக்கா ஒரு தடவை சொல்லிப்பார்த்தார்.

“சரிட்டி. வந்தது வந்துட்ட. கடல்ல கால நனைச்சிட்டு வா.”

நனைத்துவிட்டுத்தான் வந்தேன். எட்டாம் நாள் அக்கா போய்விட்டார். முகம் அமைதியாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். என் பொய்தான் அந்த அமைதியைக் கொடுத்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். பெருமையாகவும் இருந்தது, திருடியதுபோலவும் இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அத்தானுக்கு நன்றி சொன்னால் கோபப்படுவார், ஆனாலும் சொல்கிறேன். மருத்துவமனையில் மராத்தியில் அக்காவோடு அரட்டையடித்து வலியை மறக்க வைத்த செவிலியர்களுக்கும், ஒரு நாள் விடாமல் சாப்பாட்டு டப்பா அனுப்பிய பாணேர் கட்டடத்துக்காரர்களுக்கும், நான் இருக்கும் வாகட்டிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்து கூட்டிக்கொண்டு போன நண்பர்களுக்கும், துக்கத்துக்கு ஊரிலிருந்து ரயிலேறி வந்த சொந்தங்களுக்கும், தன் அப்பாவை எனக்குக் காட்டித் தந்த லூர்தம்மாளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாகச் சுனந்தா தாயிக்கு ஒரு தனி நன்றி. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் அக்காவின் குறிப்பேட்டோடு வந்தார். திருத்தத்தை அனுப்ப வேண்டும், எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது, கடைசி வரி மட்டும் தமிழில் எழுதியிருக்கிறார், எனக்குப் புரியவில்லை, படித்துச் சொல் என்றார். ஏன் அந்த ஒரு வரி மட்டும் தமிழில் என்று அவருக்கு விளங்கவில்லை. அத்தான் பக்கத்து அறையில் இருந்தார். அவரைக் கேட்கவில்லை, என்னிடம்தான் நீட்டினார். நோயில் கிறுக்கலாகிப்போன அக்காவின் எழுத்து.

“ஐந்தடி ஓர் அங்குலம். அளந்து சொன்னது என் தங்கை. பாசத்தில் கூட்டியிருக்கிறாள். நாலங்குலம் கழித்துக்கொள்ளவும்.”

நாலங்குலம் என்று எப்படி அவ்வளவு சரியாகக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் எதைப் படித்துச் சொல்லியிருந்தாலும் சுனந்தா தாயி அப்படியே எழுதிக்கொண்டு போயிருப்பார். ரொம்ப நேரம் அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். பிறகு ஒரு சொல் விடாமல் மராத்தியில் படித்துச் சொல்லிவிட்டு, கழித்தால் எவ்வளவு வருகிறதோ நான் அளந்ததும் அதுதான் என்றேன்.