நாகம்மாளின் போணி ஓட்டு

நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டை ஒட்டி இட்லிக் கடை வைத்திருந்த நாகம்மாளுக்குக் கைராசி உண்டு என்று முதலில் கண்டுபிடித்தது பூந்தமல்லி மார்க்கெட். விடியற்காலையில் அவள் வந்து முதல் வியாபாரமாக ஒரு கிலோ வாங்கிவிட்டால், அன்றைக்குக் கூடை காலியாகிவிடும் என்று நம்பினார்கள். "நாகம்மா, எனுக்குப் போணி பண்ணிட்டுப் போ" என்று நாலு கடையிலிருந்து கூப்பிடுவார்கள். காய் மலிவாகக் கிடைக்கும். கடை ஓடியதே அதனால்தான்.

இரண்டாவதாகக் கண்டுபிடித்தது அரசியல். எண்பதாம் வருஷத் தேர்தலில், அடுப்பு பற்றவைக்க நேரமாகிறதே என்று முதல் ஆளாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். அவள் தம்பி சம்பத் கொடி பிடித்த ஆள் ஜெயித்துவிட்டார். "எங்க அக்கா போணி பண்ண ஓட்டு" என்று சம்பத் ஊரெல்லாம் சொல்லிவைத்தான். அடுத்த தேர்தலுக்கு எதிர்க்கட்சிக்காரரான கத்தரிக்காய்க் கடை ஜம்புலிங்கமும் வாசலில் வந்து நின்றார்.

கிராமங்களாகவே கோத்த பெரிய தொகுதி அது. ஜெயித்த எம்.பி. டில்லிக்குப் போனால், அவர் முகத்தை அடுத்த தேர்தல் போஸ்டரில்தான் பார்க்க முடியும். கூட்டணியும் நிலையாக நிற்காது. ஒரு தேர்தலில் சம்பத் தொண்டை கிழியக் கத்திய சின்னத்துக்கு அடுத்த தேர்தலில் ஜம்புலிங்கம் கத்துவார். மாறாமல் இருந்தது ஒன்றுதான்: பள்ளிக்கூடத்து பூத் கதவு திறக்கும்போது வரிசையில் முதலில் நாகம்மாள் நிற்பாள், பின்னால் இரண்டு கட்சிக்காரர்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இருவருக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றே: "உனுக்குத்தான்யா, வேற யாருக்கு?" ஜெயித்தவர் அதை நம்பினார். தோற்றவர் வந்து சண்டை போட்டால், "நான் போடலன்னா உங்காளு டெபாசிட்டே போயிருக்கும், தெரிஞ்சிக்கோ" என்பாள். சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் சேர்ந்து தேர்தல் வந்த வருஷங்களில் இன்னும் சௌகரியம். இரண்டு சீட்டு, ஆளுக்கு ஒன்று. தோற்றவர் தனக்கு ராசியில்லாத சீட்டு வந்துவிட்டதாக நொந்துகொள்வார்.

தொண்ணூற்றெட்டில்தான் சிக்கல் வந்தது. முந்தின தேர்தலின் மையே இன்னும் அழியவில்லை என்று ஜனங்கள் கேலி பேசிக்கொண்டிருந்தபோது மறுபடியும் தேர்தல், அதுவும் பார்லிமெண்டுக்கு மட்டும். ஒரே சீட்டு. சம்பத் கற்பூரத்தோடு கடைக்கு வந்தான்.

"யக்கா, இந்த வாட்டி வாய்ப் பேச்சு வாணாம். சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு."

அவன் சொல்லி முடிக்கவில்லை, ஜம்புலிங்கமும் ஒரு கற்பூரப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். நாகம்மாள் சிரித்துக்கொண்டே இரண்டையும் வாங்கி சாமி படத்தின் முன் வைத்தாள். "வெள்ளிக்கெயம ஏத்திக்கிறேன். கெளம்புங்க, யாவாரத்தப் பாக்கணும்."

"சிரிக்காத நாகம்மா," என்றார் ஜம்புலிங்கம். "இந்த வாட்டி எங்காளு தோத்தா, மார்க்கெட்ல உன் கைராசி காலி. நானே கடை கடையா சொல்லிடுவேன்."

"நான் மட்டும் சும்மா இருப்பனா?" என்றான் சம்பத்.

இருவரில் ஒருவர் தோற்கத்தான் போகிறார். எப்படிப் பார்த்தாலும் தன் பேர் கெடப்போகிறது, மலிவுக் காயும் போகப்போகிறது என்று நாகம்மாளுக்கு விளங்கிவிட்டது.

ஓட்டன்று முதல் ஆளாக உள்ளே போனவள், மறைப்புத் தட்டிக்குப் பின்னால் சீட்டை விரித்தாள். இத்தனை தேர்தலில் அந்த இரண்டு சின்னங்களைத் தாண்டி அவள் கண் போனதே இல்லை. இப்போது கீழே பார்த்தாள். யாரோ ஒரு சுயேச்சைக்கு அடிபம்பு சின்னம். அவள் தெரு அடிபம்பின் கைப்பிடி உடைந்து ஒரு வருஷமாகிறது. சரிபண்ணித் தருவதாக இரண்டு கட்சியும் சொல்லியிருந்தன. படத்திலாவது கைப்பிடி முழுசாக இருந்தது. நிதானமாகக் குத்தினாள்.

ஜம்புலிங்கம் தரப்பு ஜெயித்தது. "எல்லாம் நாகம்மா போணி" என்று மார்க்கெட்டில் மிட்டாய் கொடுத்தார். சம்பத் அக்காவோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். ஆனாலும் காலை இட்லிக்கு மட்டும் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டான்.

அப்படி அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், ஜம்புலிங்கமும் எதிர் பெஞ்சில் இருந்தபோது, ஒரு மனிதர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கும்பிட்டபடி வந்தார்.

"நான் அய்யாசாமி. வெள்ளானூர்ல சைக்கிள் கடை வெச்சிகினு கீறேன். அடிபம்புல நின்ன சுயேச்சை. ஓட்டு எண்ணும்போது எனுக்கு நானே ஏஜெண்டா குந்திகினு இருந்தேன். இந்த ஊரு பூத்ல ஒரே ஒரு ஓட்டு உழுந்துச்சி. யாருன்னு தெரிஞ்சா ஒரு கும்புடு போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கடையே சிரித்தது. தேர்தல் முடிந்த பிறகு ஓட்டுப் போட்டவரைத் தேடி ஒரு வேட்பாளர் வருவதை அந்தத் தொகுதி அதுவரை பார்த்ததில்லை.

"கண்ணு தெரியாத கெழவி எதுனா தப்பா குத்தியிருக்கும், போ நைனா," என்றார் ஜம்புலிங்கம்.

அய்யாசாமியின் முகம் சின்னதாகிவிட்டது. சைக்கிள் பக்கம் திரும்பினார். நாகம்மாள் பேசாமல் இருந்திருந்தால் போதும். கைராசி பேர் அடுத்த தேர்தல்வரை அசையாமல் இருந்திருக்கும். ஆனால் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தப்பால்லாம் குத்தல. நல்லா பாத்துதான் குத்தினேன். குந்துய்யா, ரெண்டு இட்லி சாப்டுட்டுப் போ."

சம்பத்துக்குப் புரை ஏறியது. "அப்போ நீ இவருக்கும் போடலியா?" என்று ஜம்புலிங்கத்தைக் காட்டி, பேச்சை நிறுத்தியதையும் மறந்து கேட்டான். அவள் இல்லையென்று தலையாட்டியதும் அவனுக்கு வந்த சந்தோஷம் தேர்தலில் ஜெயித்திருந்தால்கூட வந்திருக்காது.

மறுநாளே ஜம்புலிங்கம் வேறு ஆளை வைத்துப் போணி பண்ணினார். மற்றக் கடைகளும் அவளைக் கூப்பிடவில்லை. நாகம்மாள் வெயில் ஏறிய பிறகு, ஊரார் கொடுக்கும் விலையைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். போணி பண்ணுகிறவள் கடைக்காரர் அள்ளிப் போட்டதை வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. கூடையின் அடியில் கைவிட்டுக் கத்தரிக்காய் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை இருந்ததையெல்லாம் ஒதுக்கினாள்.

"இன்னா நாகம்மா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாத்துகினே கீற? எடுக்கப்போறியா இல்லியா?" என்றார் ஜம்புலிங்கம்.

"இரு அண்ணாத்தே, பக்கத்துக் கடையில எப்பிடி கீதுன்னு பாத்துட்டு வரேன்," என்று பையை உதறிக்கொண்டு நடந்தாள்.