இரண்டு சிலிண்டரிலும் தொண்ணூறு

போன குற்றால சீசனின்போது அத்தானுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. என் அக்காவின் கணவர் அவர். வலது கால் ஓரளவு திரும்பிவிட்டது. கம்பு ஊன்றி நடந்தார். பேச்சில் ஒரு சின்ன இழுவை மட்டும் மிச்சம். வலது கைதான் வரவில்லை. விரல்களை மடக்க முடிந்தது, மடக்கியதை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. போதாததற்கு அந்தக் கையில் உணர்ச்சியும் குறைவு. காப்பித் தம்ளர் நழுவினால், அது தரையில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் குனிந்து பார்ப்பார்.

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். ஓய்வுபெற்று வந்ததும் இரட்டை சிலிண்டர், அறுநூற்று ஐம்பது சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். குத்துக்கல்வலசையில் வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கூரை இறக்கி அதை நிறுத்தியிருந்தார். சீசன் முடிவதற்குள் பழைய குற்றாலத்துக்குத் தானே அதை ஓட்டிப் போவது என்று தீர்மானித்து, டாக்டரிடமும் சொல்லிவிட்டார். டாக்டர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அத்தான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டார்.

ஆனி மாதம் ஒரு காலையில் இலஞ்சியிலிருந்து மெக்கானிக் வந்தார். நாற்பது வயதுக்காரர். சட்டை தோளில் நனைந்திருந்தது.

“இலஞ்சியிலேர்ந்து இங்கன வர ஒரு மணி நேரமாலே? இந்தக் கால வச்சுக்கிட்டு நானே நடந்து வந்திருப்பேன்.”

“சீசன் அண்ணாச்சி. நடு ரோட்டுல வேனை நிப்பாட்டிட்டு ஈரத் துண்டோட செல்ஃபி எடுக்கான். இடிக்காம வந்ததே பெருசு.”

“இடிச்சிருந்தா உனக்கு ஒரு ரிப்பேர் கிடைச்சிருக்குமே.”

மெக்கானிக் சிரித்தார். முந்தின நாளே அவர் வந்து பழைய பெட்ரோலை இறக்கிப் புதிது ஊற்றி வண்டியைக் கிளப்பிப் பார்த்திருந்தார். கிளம்பியது. ஆனால் புகை இருந்தது, ஓட்டத்தில் தடுமாற்றமும் இருந்தது. பதினான்கு மாத ஈரக்காற்றில் சிலிண்டருக்குள் துரு பிடித்திருக்கலாம் என்றார். இஞ்சினைப் பிரிக்காமலே அதைத் தெரிந்துகொள்ளலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கம்ப்ரஷன் கேஜை அழுத்திப் பிடித்துக்கொண்டு, செல்ஃப் மோட்டாரால் இஞ்சினைச் சில நொடி சுற்றவிட வேண்டும். பிஸ்டன் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்பதை முள் காட்டிவிடும். இந்த வண்டிக்கு நூற்று ஐம்பதுக்கு மேல் நின்றால் கவலையில்லை. நூற்றுக்குக் கீழே போனால் பிரித்தாக வேண்டும். சுற்றும்போது ஆக்சிலேட்டர் கடைசிவரை திருகியே இருக்க வேண்டும் என்பது முக்கியம். இல்லையென்றால் உள்ளே போதிய காற்று போகாது. நல்ல இஞ்சினும் செத்ததுபோல் காட்டும். எண்களைக் கேட்டால் குறித்துக்கொள்வது எனக்குப் பத்திரிகை வேலையில் வந்த பழக்கம். அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

இஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கினார். நிறுத்திவிட்டு பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்தார். துணியைச் சுற்றிப் பிடித்து இரண்டு பிளக்குகளையும் கழற்றினார். கேஜை அழுத்தவே அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. “யாராவது ஆக்சிலேட்டரைத் திருகிப் புடிச்சுக்கிட்டு செல்ஃபை அமுக்கணும்” என்றார். நான் முன்னால் போனேன்.

“நீ தள்ளு மாப்ளே. நான் புடிக்கேன்” என்றார் அத்தான்.

“அண்ணாச்சி, இடது கையால புடிச்சாலும்…”

“வண்டிக்கு ஆக்சிலேட்டர் எந்தப் பக்கம்லே இருக்கு?”

அத்தான் கம்பைச் சுவரில் சாய்த்தார். இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடியின்மேல் மடக்கி வைத்தார். தோளையும் சேர்த்துச் சாய்த்துத் திருகினார். முழுவதும் திரும்பியது. இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து செல்ஃப் பொத்தானை அமுக்கினார். இஞ்சின் சுற்றத் தொடங்கி இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. வலது கை தளர்ந்து, பிடி தானாகப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. அத்தான் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முள் தொண்ணூற்றில் நின்றது.

“ஆக்சிலேட்டர் ஃபுல்லா இருக்கணும் அண்ணாச்சி” என்றார் மெக்கானிக், தலையைத் தூக்காமல்.

“ஃபுல்லாத்தாம்லே இருக்கு.”

இரண்டாவது சிலிண்டரிலும் அதேதான் நடந்தது. அதிலும் தொண்ணூறு. சமையலறை ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள். என்னைப்போலவே அவளும் அத்தானின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் பாத்ரூமுக்குப் போனார். அவர் போய் வரப் பத்து நிமிடமாவது ஆகும். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்து செல்ஃபை அமுக்கினேன். நூற்று அறுபது. இன்னொன்றில் அதைவிட ஒரு கோடு குறைவு. இஞ்சினில் குறையே இல்லை. நேற்றைய புகைக்கு மிஞ்சியிருந்த பழைய பெட்ரோல்தான் காரணமாக இருக்கும் என்றார் மெக்கானிக்.

அக்கா வெளியே வந்தாள். “இஞ்சின் போச்சுன்னு சொல்லிருங்க தம்பி.”

“போகலியே அக்கா.”

“போச்சுன்னு சொல்லுங்க. தன் கைதான் காரணம்னு தெரிஞ்சா, நாளையிலேர்ந்து எக்சர்சைஸுக்குக்கூட உக்கார மாட்டாரு.”

அத்தான் திரும்பி வரும் கம்புச் சத்தம் கேட்டதும் அக்கா உள்ளே போய்விட்டாள்.

“என்னலே முடிவு?”

“ரிங் போச்சு அண்ணாச்சி. ரெண்டுலயும் தொண்ணூறுதான் நிக்கு. பிரிச்சாத்தான் உண்டு. சாமான் வர நாளாகும்.”

“ரெண்டுலயும் தொண்ணூறா?”

“ஆமா.”

“கூடக் குறைய இல்லாம?”

மெக்கானிக் கேஜைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“ஆறு சிலிண்டர் லாரிய அக்கக்காப் பிரிச்சவன்லே நான். ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும். ரெண்டும் பேசி வச்சுக்கிட்டா போகும்? எண்ணெய் விட்டுப் பாத்தியா?”

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால், துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டதும் முள் ஏறும். மெக்கானிக் அதைச் செய்யவில்லை. செய்ததாகச் சொல்லவும் அவரால் முடியவில்லை.

அத்தான் தன் வலது கையைப் பார்த்தார். அது அவர் வேட்டியின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு, “மாப்ளே, நீ புடி” என்றார்.

நான் பிடித்தேன். அவர் பெட்ரோல் டேங்கில் இடது கையை ஊன்றிக் குனிந்து முள்ளைத் தானே படித்தார். “நூத்தி அறுபது” என்றார். இரண்டாவதையும் படித்தார். நிமிர்ந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“பிளக்க மாட்டுலே.”

“ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா அண்ணாச்சி?”

“எதுக்கு?”

தகரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அத்தான் என் பக்கம் திரும்பினார். “ஒங்க ஆபீஸ்ல யாருக்காவது வேணும்னா வந்து பாக்கச் சொல்லு.”

“நூத்தி அறுபது நிக்குத வண்டி அண்ணாச்சி, போட்டி போட்டுக்கிட்டு வருவாங்க” என்று சொன்ன மெக்கானிக், அதோடு நிறுத்திக்கொண்டார். நல்லது சொல்வதாக நினைத்துத்தான் அவர் தொடங்கியிருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து அக்கா, இட்லி ஆறுது என்று கூப்பிட்டாள். அத்தான் போகவில்லை. மெக்கானிக் முதல் பிளக்கை மாட்டி முடித்து, இரண்டாவதை எடுத்து ஸ்பேனரோடு துளையில் வைத்தார். அத்தான் கம்பைத் தூக்கி அவர் தோளை லேசாகத் தட்டினார்.

“ஏலே, மொதல்ல கையால திருகு. எடுத்ததும் ஸ்பேனர் போட்டா மரை போயிரப் போவுது. வாங்குதவன் நம்மளத் திட்டுவான்.”