தனக்கோடியின் முப்பத்தொரு பக்க ஆட்சேபணை

ஒக்கலிபுரம் நாலாவது கிராஸ் தெருவில் வசிக்கும் திருவாளர் தனக்கோடி, வயது அறுபத்தெட்டு, ஸ்டேஷன் பக்கம் பைண்டிங் கடை வைத்திருப்பவர். மறைந்த எம்.எல்.ஏ. கஸ்தூரிரங்கனிடம் மூன்று தேர்தலில் தோற்றவர். மூன்றிலும் டெபாசிட் போனது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஜெயித்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் மாலையோடு நேரே இவர் வீட்டுக்கு வந்து, "அண்ணே, அண்ணி கையால ஒரு காபி" என்று சட்டமாக உட்கார்ந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தக் காபியில் மங்களம் அம்மாள் டிகாக்‌ஷன் கூடுதலாக விட்டார் என்பது கணவரின் நீண்டநாள் குற்றச்சாட்டு.

போன மாசியில் கஸ்தூரிரங்கன் காலமானார். இறுதி ஊர்வலத்தில் கூட்டம் ரயில்வே ஸ்டேஷன் வரை நின்றது. மொட்டைமாடியிலிருந்து பார்வையிட்ட தனக்கோடி, "பாதிப் பேர் ரயிலுக்குப் போறவங்க" என்று அறிவித்துவிட்டு இறங்கினார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் இடி விழுந்தது. நாலாவது கிராஸுக்கு கஸ்தூரிரங்கன் பெயரை வைக்க உத்தேசம், ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளில் எழுதித் தரலாம் என்று மாநகராட்சி அறிவிப்பு ஒட்டியது. இனி கேஸ் பில்லிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை, தனக்கோடி என்ற பெயருக்கு அடியிலேயே அந்த ஆளும் இருப்பார்.

"உசிரோட இருந்தப்போ வீட்டுக்குள்ள வந்தான். இப்போ விலாசத்துக்குள்ள வர்றான்!"

"வரட்டுமேங்க. நல்ல மனுஷன்தானே" என்றார் மங்களம்.

அந்த 'நல்ல' என்ற சொல்லுக்காகவே தனக்கோடி பேனாவைத் திறந்தார். பரணிலிருந்து பழைய மனுக்களின் நகல்கள் இறங்கின. சாக்கடைக்கு மூடி கேட்டது தனக்கோடி. பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவதாக எழுதியது தனக்கோடி. ரேஷன் கடையைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னதும் அவரே. 'மறைந்தவர் இம்மனுக்களில் உடனே முடிக்கவும் என்று கையெழுத்துப் போட்டதைத் தவிர வேறெதுவும் சுயமாகச் செய்தாரில்லை' என்று முடித்து, முப்பத்தொரு பக்கத்தையும் சிவப்புக் காலிகோ துணியில் பைண்ட் செய்து கொடுத்தார்.

விசாரணை நாளன்று கன்னடக்கார அதிகாரி ராஜேஷ்குமார் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"சார், நீங்க இவரை எதிர்த்து நின்னவரா?"

"மூணு வாட்டி."

"எதிர்த்து நின்னவர் குடுத்த மனுவுல ஒண்ணுகூட விடாம வேலை முடிச்சிருக்காரே! பேர் வைக்க வேற ஆதாரமே பேடா, வேண்டாம் சார்."

"யோவ், நான் ஆட்சேபணைல்ல குடுத்திருக்கேன்!"

"அதனாலதான் சார் இதை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அடுத்த வாரம் கன்னடத்தில் உத்தரவு வந்தது. பெயர் உறுதி. 'திரு. தனக்கோடி அவர்கள் மனு செய்தபடி' என்று தொடங்கி, சாக்கடை மூடி, கூரை, ரேஷன் கடை எனக் காரணங்கள் வரிசையாக இருந்தன. மங்களம் அதை வாய்விட்டுப் படித்தார். தனக்கோடி முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். பாதியில் எழுந்து வந்து காகிதத்தைப் பிடுங்கி, பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார்.

"என்னங்க எண்ணுறீங்க?"

"அவன் பேரு ஏழு இடத்துல இருக்குடி. என் பேரு பதினொண்ணு!"

நாலு வித்தியாசம். கஸ்தூரிரங்கனுக்கு எதிராகத் திருவாளர் தனக்கோடி ஈட்டிய முதல் வெற்றி இது. மறு எண்ணிக்கை கேட்க எதிர்த்தரப்பில் ஆளில்லை. அதனால் அவருக்காகவும் தானே இன்னொரு முறை எண்ணினார்.