எல் பாசோவுக்குப் போன மிளகாய்த்தூள்

இல்லை, யோகராணி புருசனை விட்டிட்டு ஓடவில்லை. ஊராரின் மிளகாய்த்தூளைச் சமைத்துத் தின்னவும் இல்லை. ஸ்காபரோவில் எங்கட வோபர்ன் பக்கம் வாய் இருக்கிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். நடந்தது இதுதான், கேளுங்கோ.

ஹூஸ்டனில் வேலை பார்க்கிற மகன் பிரியந்தன் ஒருநாள் போனில், "கோடைக்கு வாங்கோ அம்மா, டெக்சாஸ் முழுக்கச் சுத்திக் காட்டுறன்" என்றான். கடல், மலை, பாலைவனம் எல்லாம் அந்த ஒரு மாநிலத்துக்குள்ளேயே இருக்காம். யோகராணியால் அதை வீட்டுக்குள் வைத்திருக்க முடியவில்லை. கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டாள். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள்.

பயணம் போகிறவளிடம் பார்சல் கொடுத்துவிடாத யாழ்ப்பாணத்தார் உண்டா? அடுத்த கிழமையே வறுத்திடித்த தூள் வந்து குவிந்தது. ஒருத்தியின் தம்பி டலசில், இன்னொருத்தியின் மச்சாள் ஒஸ்டினில், வேறொருத்தியின் பெறாமகன் சான் அன்ரோனியோவில். மேல்மாடிக் குணவதி, எல் பாசோவில் இருக்கிற மகளுக்கென்று கொண்டுவந்தாள்.

"அவள் பிள்ளைத்தாச்சி, அக்கா. எங்கட தூள் போட்ட மீன்குழம்பு வேணுமெண்டு அழுகிறாள்."

யோகராணி ஒருவரையும் மறுக்கவில்லை. அந்த ஊர்களெல்லாம் ஸ்காபரோவில் இருந்து பக்கத்து மார்க்கம் போய்வருகிற தூரம் என்றுதான் நினைத்தாள்.

பிரியந்தன் இதைப் போனில் கேட்டுவிட்டுக் கத்தினான். "எல் பாசோவுக்கு இங்கயிருந்து விடிய வெளிக்கிட்டா இருட்டித்தான் போய்ச் சேரலாம்! நான் பாலைவனம் காட்டப் பிளான் பண்ணினா, நீங்கள் வீடு வீடாக் கதவு தட்டப் பிளான் பண்ணுறீங்கள். நான் என்ன, தூள் டெலிவரியோ? தூளோட வாறதெண்டால் வரவேண்டாம்."

அன்று பிடித்தது வெட்கம். பெருமை பேசிய வாயால் "மகன் மாட்டானாம்" என்று எப்படிச் சொல்வது? கோயிலுக்குப் போகவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. தூள் மணம் கொரிடோர் வரைக்கும் போக, ஊராரின் தூளை அவள் தின்கிற கதை கிளம்பியது.

குணவதியின் பார்சலையாவது திருப்பிக் கொடுப்போம் என்று ஒருநாள் லிப்ற் வரைக்கும் போனாள். கதவு திறந்தால் உள்ளே குணவதியே நிற்கிறாள்!

"எங்க அக்கா, காணேல்ல? அன்ரி எப்ப வாறா எண்டு மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்."

யோகராணி பார்சலை ஜக்கெற்றுக்குள் ஒளித்தாள். லிப்ற் முழுக்கத் தூள் மணந்தது. குணவதி மூக்கை உறிஞ்சினாள்.

"வெளிக்கிடத்தான் போறன்" என்று யோகராணியின் வாயில் வந்துவிட்டது.

அடுத்த நாளே போய் டிக்கெற் போட்டாள். ஹூஸ்டனுக்கு அல்ல, எல் பாசோவுக்கு. மிச்ச ஊர்களுக்குப் பஸ்.

வெளிக்கிடுகிற காலை புருசன் பொன்னம்பலம் வாசலில் மறித்தார். "உனக்கென்ன விசரோ? பிள்ளை வரவேண்டாம் எண்டவனெல்லே? ஆர் வீட்டை போய் நிக்கப்போறாய்?"

"தூள் கொண்டுபோற வீட்டில ஒரு வாய் சோறு தரமாட்டினமே?"

"அப்ப பாலைவனம்?"

"பஸ் யன்னலால தெரியுந்தானே."

"அவன் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

"அம்மா வெறும் சூட்கேசோட கடைசியா உன்னட்டை வருவா எண்டு சொல்லுங்கோ."

பெரிய சூட்கேசை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. யோகராணி அந்தப் பக்கம் பார்க்காமல், குனிந்த தலையோடு லிப்ற்றைப் பார்த்து நடந்தாள்.