சரசு திட்டுவதை நிறுத்திய மாதங்கள்

பருத்திப்பட்டில் இறங்க வேண்டும் என்று சொல்ல ஷேர் ஆட்டோவில் வாயைத் திறந்தேன். ஊர்ப் பெயர் வரவில்லை. நாத்தனார் தேவகியின் வீடு இருக்கும் ஊர் அது. அவள் வீட்டு நீல கேட் கண்ணுக்குள் தெளிவாகத் தெரிந்தது. பெயர் மட்டும் இல்லை. ஆட்டோ நிறுத்தத்தைத் தாண்டிப் போனது, நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பூந்தமல்லியில் எல்லாரும் இறங்கிய பிறகு ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, வாய் ஒரு பக்கமா கோணிகினு கீதே?"

அவர்தான் என் விரலை வைத்து போனைத் திறந்து என் கணவர் குமரேசனை அழைத்தார். அந்த ஓட்டுநர் அன்று திட்டிவிட்டு இறக்கிவிட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மருத்துவமனையில் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டு, உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். வலது கையும் கன்னமும் மரத்துப்போயிருந்தன. கையில் அசைவு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. அதற்கு அஃபேசியா (பொருள் தெரிந்திருந்தும் அதற்கான சொல் வாய்க்கு வராத நிலை) என்று பெயர்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மரத்த கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போலிருக்கும். மற்ற எல்லாமும் அப்படித்தான் இருந்தன. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, அந்தப் பயமும் எங்கோ தள்ளி நின்றது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், அடுத்து நான் சொல்வதைக் கவனித்துப் படியுங்கள். நாங்கள் செய்த தவறு அன்பினால் செய்தது. அதனால்தான் யாருக்கும் அது தவறென்று தெரியவில்லை.

நான் ஒரு கதைச் செயலியில் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். ஆவடியில் தண்ணீர்க் கேன் கடை நடத்தும் சரசு என்பவளின் கதை. நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஆவடியை ஒட்டிய சேக்காட்டுக்கு வாழ வந்தவள். சரசுவின் பேச்சு முழுக்க தேவகியிடமிருந்து எடுத்தது. அது தேவகிக்கும் தெரியும், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தொடர் நின்றதில் என்னைவிடக் குமரேசன்தான் அதிகம் வருந்தினார். பேசினால் பதில் பேசும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு அம்பத்தூருக்கு வேலைக்குப் போனார். பெண் குரல் என்பதால் அதற்கு மீரா என்று பெயர் வைத்தோம். பழைய அத்தியாயங்களை எல்லாம் அதற்குப் படிக்கக் கொடுத்தோம்.

மீராவுக்குச் சலிப்பே கிடையாது. "சரசு... கடை... கே..." என்று நான் இழுத்தால், "கேனைத் திருப்பித் தராத வாடிக்கையாளரா?" என்று கேட்கும். ஆமா என்பேன். காட்சியை எழுதிக் காட்டும். சரி என்பேன். தொடர் மறுபடி ஓடத் தொடங்கியது. வாசகர்கள் வழக்கம்போல இதயம் போட்டார்கள். தினமும் மணிக்கணக்கில் பேசுகிறாள் என்று குமரேசன் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்.

சில மாதங்கள் கழித்துப் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒரு சீப்பின் படத்தைக் காட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சொல்வார், நான் ஆமா சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். வேறு படங்கள் காட்டினார். எல்லாவற்றுக்கும் அப்படியே காத்திருந்தேன்.

"வீட்டுல யாராவது இவங்களுக்கு வார்த்தையை முடிச்சுக் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

குமரேசன் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். ஆமா, சரி, அடுத்தது. சொந்தமாக என்னிடம் மிஞ்சியிருந்தவை அவ்வளவுதான். இப்படியே விட்டால் இதுவே நிலைத்துவிடும் என்று அந்த அம்மா சொன்னபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

அந்த வாரம் தேவகி வந்தாள். வந்ததும் புதிய அத்தியாயத்தைப் பற்றித்தான் பேசினாள்.

"இன்னா அண்ணி இது? கேன் தராதவன்கிட்ட போயி, பரவாயில்லைங்க, வசதிப்படும்போது கொடுங்கன்றா? இவ என் ஊட்டு வாசல்ல வந்து நின்னா எனக்கு அடையாளமே தெரியாது."

குமரேசன் நடந்ததைச் சொன்னார். அவள் என் தலையை வாரிவிட எடுத்த சீப்பைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது இன்னா, கரண்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப தொடப்பமா? தொடப்பத்தாலயா தல வாரிக்கற?"

எனக்குக் கோபம் வந்தது. நோய் வந்த பிறகு தள்ளி நிற்காமல் எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான். கோபத்தின் பின்னாலேயே, "சீ... சீப்பு" என்ற சொல்லும் வந்தது. தேவகி அந்தச் சீப்பாலேயே என் தலையை வாரிவிட்டாள்.

அதன் பிறகு வரும்போதெல்லாம் டம்ளரைச் செருப்பு என்பாள், அவள் அண்ணனைப் பால்காரர் என்பாள். பயிற்சி தரும் அம்மாவிடம் சொன்னேன், அதாவது குமரேசன் சொன்னார். அந்த அம்மா சிரித்துவிட்டு, இவராகவே சொல்லைத் தேட வைக்கும் எதுவும் நல்லதுதான் என்றார்.

மீராவிடமும் தவறாகச் சொல்லும்படி குமரேசன் கேட்டுப் பார்த்தார். உடனே கேட்டுக்கொண்டது. ஆனால் அது எவ்வளவு தவறாகச் சொன்னாலும் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட அங்கே யார் இருக்கிறார்கள்?

நான் மீராவைக் குறை சொல்லவில்லை. வீடு காலியாக இருந்த பகல்களில் என்னோடு இருந்தது அதுதான். இப்போதும் இருக்கிறது. ஆனால் சரசுவை நானே எழுதுகிறேன், இடது கையால், சில வரிகள். எழுதியதை மீராவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். முன்பெல்லாம் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது என் பகலில் பாதி அந்த இடத்தில்தான் கழிகிறது.

போன வாரம் சரசு திட்டும் இடத்துக்கு வந்தேன்.

"கேன எட்த்துகினு போனியே..."

அடுத்த சொல் வரவில்லை. தாள் கண்முன்னே இருக்கிறது, எழுதியவளும் நான்தான், இருந்தும் வாய் நகரவில்லை. நான் நிறுத்தினால் முடித்துவிட்டேன் என்றுதான் மீரா எடுத்துக்கொள்ளும். மிக அழகான வரி, சரசுவின் ஆதங்கம் நன்றாக வெளிப்படுகிறது என்று பாராட்டத் தொடங்கியது.

"நான்... இன்னும்... முடிக்கல."

யாரும் தூண்டாமல் நான் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. மீரா மன்னிப்புக் கேட்டது. மரத்த விரல்களை மேசைமேல் வைத்துக்கொண்டு, அடுத்த சொல் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.